கிராமச் சட்ட உதவி மையத்துக்குப் போகுமுன் ஒரு சட்ட மாணவர் எதைக் கற்க வேண்டும்?

முதலில் நில ஆவணங்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறை ஆவணம்), சிட்டா (நிலத்தின் பரப்பு, வகை விவரம்), அடங்கல் (பயிர், சாகுபடி விவரம்), வில்லங்கச் சான்று (நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) ஆகியவற்றை ஒப்பிட்டு வாசிக்கத் தெரியாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். உழுவது பேரனாக இருப்பான். பட்டா மாறுதலில் வட்டாட்சியரின் உத்தரவு பாதகமாக வந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்து, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. வருபவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

மாணவராக நீங்கள் வழக்கறிஞரைப் போல நீதிமன்றத்தில் வாதாட முடியாது. மனு எழுத உதவலாம், இலவச சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்யும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பிவைக்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கைநாட்டு வாங்காதீர்கள்.