கல்யாணமாகாத பெண் வயிற்று வலி என்று போனால் பிரெக்னன்சி டெஸ்ட் எதற்கு? மறுக்கலாமா?

மறுக்கலாம். ஆனால் மறுக்க வேண்டாம் என்பேன்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தால் டாக்டர்கள் குடல்வாலை மட்டும் சந்தேகிப்பதில்லை. கருக்குழாயில் கரு தங்கியிருக்குமோ என்றும் பார்க்க வேண்டும். குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் வருகிற உதிரப்போக்கை மாதவிலக்கு என்றே நினைத்து, "டேட் சரியாத்தான் வந்துச்சு" என்று சொல்பவர்களும் உண்டு. அதனால்தான் வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் கரு தங்கினால் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் இருக்கிறதா என்று டெஸ்ட் கார்டு போட்டுப் பார்க்கிறார்கள். சி.டி. ஸ்கேனுக்கு முன்னால் கேட்பது கதிர்வீச்சுக்காக. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைக்கு முன்னாலும் கேட்பார்கள், அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும்.

என் கோபமெல்லாம் கேட்கிற விதத்தின் மேல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வலியோடு திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அம்மாவை வைத்துக்கொண்டே, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?" என்ன டெஸ்ட் என்று சொல்லாமலே டப்பாவை நீட்டினார்கள். பில்லில் 'யூ.பி.டி.' (சிறுநீரில் பார்க்கும் பிரெக்னன்சி டெஸ்ட்) என்றிருந்ததை அம்மா லேபில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். வீடு வரும்வரை பேசவே இல்லை. கார்டில் ஒரு கோடுதான், அதாவது நெகட்டிவ். வலிக்குக் காரணம் சினைப்பையில் நீர்க்கட்டி. அதற்குள் விஷயம் சித்திவரை போயிருந்தது.

தாலி இருக்கிறதா இல்லையா என்பது கருக்குழாய்க்கு எப்படித் தெரியும்? கருக்கலைப்புச் சட்டமே 2021 திருத்தத்தில் 'மணமான பெண், கணவர்' என்றிருந்ததை 'பெண், துணைவர்' என்று மாற்றிவிட்டது. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் போதும். ஓ.பி. அறையில்தான் இன்னும் பழைய கேள்வி.

இப்போதெல்லாம் நான், "டாக்டர், தனியா பேசணும்" என்று சொல்லிவிடுகிறேன். என்ன டெஸ்ட், எதற்கு என்று கேட்டுக்கொண்டு, ரிசல்ட்டை என்னிடம் மட்டும் சொல்லச் சொல்கிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை, நர்ஸ் அக்காக்களே அம்மாவை வெளியே உட்கார வைத்துவிடுகிறார்கள். நாள் தள்ளிப்போவதற்கு முன்பே கார்டு போட்டால், கரு இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். சந்தேகமிருந்தால் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன் வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயிற்றின் மேல் வைத்தே எடுப்பார்கள், அதற்கு நிறையத் தண்ணீர் குடித்து முட்டிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.