மருத்துவர் அறையில் மகன்

வணக்கம். வவுனியாவில் கணித ஆசிரியையாக இருந்தவள் நான். இப்போது சுவிஸில், பேர்ன் நகரில், ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறேன். மருத்துவரிடம் போனால் பதினான்கு வயது மகன்தான் எனக்காகப் பேசுகிறான். கருப்பைக் கட்டியைப் பற்றி மருத்துவர் சொன்னதை அவன் தலையைக் குனிந்தபடி எனக்குச் சொன்னான். உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. தமிழில் கேட்டால் ஜெர்மனில்தான் பதில் சொல்கிறான். நான் யார் என்று எனக்கே விளங்கவில்லை. அவன் தமிழன் இல்லாமல் போய்விடுவானா?

ஒரு வாசகி, பேர்ன்

அன்புள்ள சகோதரி,

முதலில், மகனை இனி மருத்துவர் அறைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். சுவிஸ் மருத்துவமனைகள் பலவற்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறார்கள். நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். புலம்பெயர்ந்த வீடுகளில் வாடகைக் கடிதம், காப்புறுதிக் கடிதம் எல்லாவற்றையும் பிள்ளையே பிரித்துப் படிக்கிறான். பள்ளியில் ஆசிரியர் அவனைப் பற்றிச் சொல்லும் குறையைக்கூடப் பெற்றோருக்கு அவனேதான் மொழிபெயர்க்கிறான். தாய் பிள்ளையாகவும் பிள்ளை தாயாகவும் இடம் மாறிவிடுகிறார்கள். உங்களுக்குக் கூசியதில் வியப்பே இல்லை.

ஜெர்மனில் உங்கள் தடுமாற்றத்துக்கும் காரணம் இருக்கிறது. வகுப்பில் கற்பது எழுத்து ஜெர்மன்; ட்ராமிலும் கடையிலும் சமையலறையிலும் காதில் விழுவது சுவிஸ் ஜெர்மன். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த ஒருவரைக் கொண்டுபோய் யாழ்ப்பாணச் சந்தையில் நிறுத்தினால் எப்படி விழிப்பாரோ, அந்த நிலைதான் இது. 2018 முதல் சுவிஸ் குடியுரிமைக்குப் பேச்சில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சியும் எழுத்தில் ஏ2 என்ற அடிப்படைத் தேர்ச்சியும் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழை வாங்கியவருக்கும் நியாயமான ஒரு கோபத்தையோ நுட்பமான ஒரு கேலியையோ அந்த மொழியில் முழுதாகச் சொல்ல வருவதில்லை. நினைப்பதில் பாதிதான் வெளியே வருகிறது. எதிரில் இருப்பவர் அந்தப் பாதியை வைத்தே ஆளை எடை போடுகிறார். வகுப்பறையில் கரும்பலகை முன் நின்று பேசிய பெண்ணுக்கு இது எவ்வளவு வலிக்கும்!

மகன் தமிழனாக இருப்பானா என்ற கவலை வேண்டாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. அங்குள்ள தமிழர்களின் இன்றைய தலைமுறையில் பெரும்பாலானோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். ஆனாலும் பிள்ளை, முதலி, கவுண்டர் என்ற பெயர்கள் உருமாறியேனும் நிலைத்திருக்கின்றன. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். தங்களைத் தமிழர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அடையாளம் மொழியை இழந்தும் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு அவர்களே சாட்சி.

என் கவலை வேறு. உங்கள் மகன் உங்களை முழுதாக இன்னும் சந்திக்கவில்லை. அவன் அறிந்த அம்மா சொல் தேடித் திணறுகிறவள். ட்ராமில் அவனிடம் திருத்தம் வாங்குகிறவள். தெளிவாக யோசிக்கிற, மாணவரைக் கேள்வி கேட்டு மடக்குகிற கணித ஆசிரியை தமிழில் மட்டும்தான் இருக்கிறாள். அவன் தமிழை விட்டால் அவளை அறியாமலே வளர்ந்துவிடுவான். இனப் பெருமை பேசி அவனைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதைவிட இந்தக் காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வீட்டில் 'சாப்பிடு', 'படு', 'போனை வை' என்ற ஏவல்களோடு தமிழ் முடிந்துவிட்டால் எந்தப் பிள்ளைக்கு அதன்மேல் மதிப்பு வரும்?

அவன் வயதுக்குச் சமன்பாடுகள் தொடங்கியிருக்கும். அவனுடைய கணிதப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். எண்ணும் குறியும் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஒரு கணக்கை எடுத்து, ஏன் இந்தப் படி, ஏன் அந்தப் படி இல்லை என்று தமிழில் விளக்குங்கள். அவன் ஜெர்மனில் கேள்வி கேட்டால் கேட்கட்டும், தடுக்காதீர்கள். நீங்கள் மட்டும் தமிழை விடாமல் பதில் சொல்லிக்கொண்டே போங்கள்.