பத்து வயது, ஒல்லியான பையன்: இப்போதே ரக்பியில் சேர்க்கலாமா, உடம்பு தேறட்டும் என்று காத்திருக்கலாமா?

சேர்த்துவிடுங்கள். காத்திருந்தால் உடம்பு தேறும், கை தேறாது.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து வயதுப் பையன் ரக்பிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான் என்றால் எங்களைப் போல நியூசிலாந்தாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் ஆக்லாந்தில் இருக்கிறோம். மகனுக்கு இப்போது பதினான்கு.

அவனைப் பள்ளி அணியில் சேர்த்தபோது 27 கிலோ. அதே அணியில் பசிபிக் தீவான டோங்காவைச் சேர்ந்த குடும்பத்துப் பையன் ஒருவன், 58 கிலோ. இருவருக்கும் ஒரே வயது. எலும்பு முறிந்துவிடுமோ என்று என் மனைவி முதல் இரண்டு ஆட்டத்துக்கு வரவே இல்லை. ஆனால் அடிபடவில்லை. அடிபடப் பந்து கையில் வர வேண்டுமே! சின்னவன் என்று கொண்டுபோய் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், நிறுத்திவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்று நான் எண்ணினேன். எட்டு ஆட்டத்தில் பந்து அவன் கைக்கு வந்தது ஐந்து முறை. ஜூன் மாதக் குளிரில் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, ஆட்டம் நடக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பான். அடிபட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பெரிய பையனுக்கு வேறு விதத்தில் அநியாயம் நடந்தது. பயிற்சியாளருக்குத் தெரிந்த ஒரே திட்டம், பந்தை அவனிடம் கொடு. அவன் நேராக ஓடுவான், மூன்று பேர் தொங்கிக்கொண்டு போவார்கள், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பான், ட்ரை. பாஸ் செய்ய யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவனுக்கும் தேவைப்படவில்லை. பையன்கள் சடசடவென்று வளர்வது சராசரியாகப் பதினான்கு வயதையொட்டி. சிலருக்குப் பன்னிரண்டிலேயே, சிலருக்குப் பதினாறு ஆகிவிடும். முதலில் வளர்ந்தவனை மற்றவர்கள் எட்டிப் பிடித்தபோது, இடது பக்கம் ஒழுங்காக ஒரு பாஸ் போட அவனுக்கு வரவில்லை. போன வருடம் விளையாட்டையே விட்டுவிட்டான். பசிபிக் தீவுப் பிள்ளைகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் மகனை ஆளாக்கியதே ஒரு சமோவாக்காரப் பயிற்சியாளர்தான்.

அடுத்த வருடம் எடைக்கட்டுப்பாடு உள்ள அணிக்கு மாற்றினோம். இங்கே அப்படியும் அணிகள் உண்டு, விசாரியுங்கள். தராசில் ஏறி நின்ற அன்று எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் நாங்கள் ஆடிய கபடியில் 55 கிலோ மேட்ச் என்றால் அரிசி மில் தராசில்தான் எடை. அரைக்கிலோ கூடியிருந்தால் மதிய வெயிலில் ஓடிவிட்டு வந்து மறுபடி ஏறுவோம். எடையில் ஏமாற்ற முடியாது. வயதில் முடியும். மாவட்ட சப்-ஜூனியர் தேர்வில் என் இடத்தைத் தட்டிக்கொண்டு போனவனுக்கு மீசை முழுசாக இருந்தது, சான்றிதழ்படி பதினைந்து வயது! தேர்வாளரிடம் அப்பா கேட்டதற்கு, "உங்கள் பையன் அடுத்த வருஷம் பார்க்கட்டும்" என்றார்கள். அடுத்த வருடம் பிளஸ் டூ. அத்தோடு முடிந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், முப்பது வருடம் ஆகியும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது அணியில் அவனை ஹாஃப்பேக்காக நிறுத்தினார்கள். ஆட்கள் விழுந்து கிடக்கும் குவியலில் இருந்து பந்தை எடுத்து முதலில் பாஸ் கொடுப்பது அவன்தான் என்பதால், ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை தொட்டான் என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். தரையில் கிடக்கும் பந்தை நிமிராமல், பின்னால் இழுக்காமல், ஒரே வீச்சில் அனுப்ப வேண்டும். வலது பக்கம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. இடது பக்கத்துக்கு ஒரு சீசன் முழுக்க ஆனது. கார் ஷெட் கதவில் சாக்பீஸால் வட்டம் போட்டு எறிந்துகொண்டே இருந்தான். கதவு இன்னும் நெளிந்துதான் இருக்கிறது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கபடியில் ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கும் கார்னர் ஆடியவன் என்ற திமிரில் அவனுக்குக் கணுக்கால் பிடி கற்றுக்கொடுத்தேன். பயிற்சியில் அப்படியே பாய்ந்து பிடித்தான், ஓடி வந்தவன் முழங்கால் இவன் காதில் பட்டுவிட்டது. சமோவாக்காரர் என்னைத் தனியாக அழைத்து, தோளால் தொடையில் முட்டி இரண்டு கையாலும் சுற்றிக் கட்ட வேண்டும், தலை எப்போதும் ஓடுபவனின் முன்னால் இல்லாமல் பின்பக்கம் இருக்க வேண்டும், கன்னம் அவன் புட்டத்தில் ஒட்ட வேண்டும் என்று என்னையே குனியவைத்துக் காட்டினார். இதை எடை ஒத்த பிள்ளைகளோடு பழகினால் பயமில்லாமல் வரும். இரண்டு மடங்கு எடையுள்ளவன்மேல் முதல் பாடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் பாய்வான், அங்கேதான் அடிபடும். பிடி சரியாக வந்த பிறகு பெரியவர்களோடும் ஆடட்டும். வாழ்நாள் முழுக்க 40 கிலோக்காரர்களோடு ஆட முடியாது. இந்த நாட்டில் பெரியவர்களுக்கும் 85 கிலோவுக்கு உட்பட்ட தேசியக் கோப்பை 2020 முதல் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

"ஜோனா லோமுவைப் பார்த்ததில்லையா, உடம்புதான் எல்லாம்" என்று யாராவது எழுதுவார்கள். பார்த்திருக்கிறேன். நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் அந்த மலை மாதிரி ஆள், 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை. ஆனால் ஆல் பிளாக்ஸுக்கு நூறு டெஸ்டுக்கு மேல் ஆடிய ஆரன் ஸ்மித் 171 சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட என் உயரம். 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து கேப்டனை ஒரே எட்டில் ஏமாற்றி ட்ரை போட்ட தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பேயும் அதே உயரம். உங்கள் பையன் அப்படி வருவான் என்று நான் சொல்லவில்லை. என் பையனும் வரப்போவதில்லை, பள்ளியின் இரண்டாம் அணியில் இருக்கிறான்.

சேர்க்கும்போது பயிற்சியாளரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சின்னப் பையன்களை எங்கே நிறுத்துவீர்கள்? "விங்" என்று யோசிக்காமல் பதில் வந்தால் வேறு அணி பாருங்கள். முட்டை, நேந்திரம்பழம் என்று திணிக்க வேண்டாம், ஒரு வருடம் திணித்துப் பார்த்தேன், ஒன்றரைக் கிலோ ஏறியது. அப்புறம், வாய்க்குள் போடும் மவுத்கார்டை வெந்நீரில் போட்டுக் கடிக்கவைக்கும்போது கூடவே நில்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு சுருண்டு போயின.