இருண்ட ஆற்றல் என்பது வெறும் பெயர்தானா?

தெரியாத ஒன்றுக்கு "இருண்ட ஆற்றல்" என்று பெயர் வைத்துவிட்டு அதையே கண்டுபிடிப்பு என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. அது என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பது அளந்து பார்த்த கணக்கு.

1998-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகத் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை ஆராய்ந்தன. எரிந்து தீர்ந்த விண்மீனின் எச்சமான வெள்ளைக் குள்ள விண்மீன் சந்திரசேகர் எல்லையை, அதாவது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறையை நெருங்கி வெடிக்கிறதே, அந்த வகை. அவற்றின் உண்மையான பிரகாசத்தைக் கணித்துவிடலாம் என்பதால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். ஈர்ப்பு விசையால் பேரண்டம் விரியும் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கத்தான் போனார்கள், கிடைத்ததோ நேர்மாறு. வேகம் கூடிக்கொண்டிருக்கிறது. அப்படிக் கூட்டுவது எதுவோ, அதற்கு வைத்த பெயர்தான் இருண்ட ஆற்றல். 2011-ல் இந்தக் குழுக்களைச் சேர்ந்த பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் நோபல் பரிசு.

சரி, ஐன்ஸ்டீன் எங்கே வருகிறார்? பேரண்டம் அசையாமல் நிற்கிறது என்று நம்பி 1917-ல் தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார், அது விரிகிறது என்று தெரிந்ததும் கைவிட்டார். அதே மாறிலியை இருண்ட ஆற்றலாகத் திரும்பப் போட்டால் 1998 கணக்கு ஒத்துவருகிறது. அதன் குணம் ஒன்றுதான், வெளி எவ்வளவு விரிந்தாலும் அது நீர்த்துப்போகாது. பொருள் அப்படியில்லை, தூரங்கள் இரண்டு மடங்கானால் அதன் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் முதலில் பொருளின் கை ஓங்கியிருந்து, சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலைமை மாறி, விரியும் வேகம் கூடத் தொடங்கியது.

பூமி அளவு இடத்தில் இருக்கும் இருண்ட ஆற்றலை நிறையாகச் சொன்னால் சுமார் 6 மில்லிகிராம், அவ்வளவுதான்! ஆனால் காலி இடம் அத்தனை இருப்பதால் பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 68 சதவீதம் இதுவே. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்கள் சந்தேகம் நியாயமாகும் இடம் வேறு. வெற்றிடத்தின் ஆற்றலைக் குவாண்டம் கொள்கையின்படி நேரடியாக மதிப்பிட்டால், அளந்ததைவிட 1-க்குப் பின் 120 பூச்சியங்கள் போட்ட மடங்கு அதிகமாக வருகிறது. ஏன் என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

அப்புறம், அரிசோனாவின் கிட் பீக்கில் 5,000 ஒளியிழைகளோடு விண்மீன் மண்டலங்களின் தூரங்களை அளக்கும் டெசி கருவியின் 2024, 2025 முடிவுகள், இருண்ட ஆற்றலின் அடர்த்தி மெல்லக் குறைந்துவருகிறதோ என்று நினைக்க வைக்கின்றன. இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் மாறிலியை மறுபடியும் கைவிட வேண்டியிருக்கும்.