வட்ட மிக்சரில் பழைய ஜோடியிடமே திரும்பிவிடுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: மாசசூசெட்ஸில் எங்கள் ஊர் கான்ட்ரா நடனத்தில் (ஜோடிகள் நீள வரிசைகளில் நின்று ஆடும் கூட்டு நடனம்) மூன்று மாதமாகக் காலராக, அதாவது அடுத்த அசைவை அறிவிப்பவராக, இருக்கிறேன். போன மாதம் 'சர்க்காசியன் சர்க்கிள்' என்ற வட்ட மிக்சரை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி மாறும் வட்ட ஆட்டத்தை, எடுத்தேன். மூன்றாவது சுற்றிலேயே சிலர் ஜோடியில்லாமல் நின்றார்கள், சிலர் பழைய ஜோடியிடமே போய்விட்டார்கள். இத்தனைக்கும் மூன்று முறை வாக்த்ரூ (இசையில்லாமல் நடந்து பார்க்கும் ஒத்திகை) செய்தேன். தவறு எங்கே?

பதில்: அந்த மூன்று வாக்த்ரூவிலேயே பாதித் தவறு இருக்கிறது. சாதாரண கான்ட்ரா வரிசையில் ஒரு நடனம் முழுக்க உங்கள் ஜோடி மாறமாட்டார், எதிரே வரும் அண்டை ஜோடிதான் மாறும். குழம்பினால் முதல் இடத்துக்குத் திருப்பி அனுப்புவது எளிது. மிக்சரில் ஒரு வாக்த்ரூ முடிந்ததுமே முதல் ஜோடி கைமாறிவிடுவார். நீங்கள் ஒவ்வொரு முறையும் "பழைய ஜோடியிடம் போங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் பழைய ஜோடியைத் தேடிப்போகும் பழக்கத்தை மூன்று முறை பயிற்சி கொடுத்துப் பதியவைத்தது நீங்கள்தான். ஒரே ஒரு வாக்த்ரூ போதும். முடிந்த இடத்தில், புது ஜோடியோடு நிற்கும்போதே இசையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

அந்த ஒரு வாக்த்ரூவில் எதற்கு நேரம் செலவிடுவது? வட்டத்தின் உள்ளே போய் வருவதையும் ப்ராமனேடையும் (ஜோடியாக வட்டத்தைச் சுற்றி நடப்பது) யாரும் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். கற்றுக்கொடுக்க வேண்டியது, அடுத்தவர் யார், அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை மட்டும்தான். வட்டத்தில் நடுவைப் பார்த்து நிற்கும்போது லார்க்கின் வலப்பக்கம் ராபின் (ஜோடியில் இருவரின் இடங்களுக்கும் இவைதான் பெயர்), இதுதான் ஜோடி. ஆடத் தொடங்கும் முன்பே ஜோடியின் கையை விடச் சொல்லுங்கள். மறுகையைப் பிடித்திருப்பவரைத் திரும்பிப் பார்த்து ஒரு வணக்கம் வைக்கச் சொல்லுங்கள். "இவர்தான் அடுத்து உங்களோடு ஆடப்போகிறவர்." முகம் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி ஒரு தோள்பட்டையில் இருக்கிறது. லார்க்குகள் நடுவுக்குப் போய்த் திரும்பும்போது இடத்தோள் பக்கமாகத் திரும்பினால் புது ராபின் கண்ணில் படுவார். வலப்பக்கமாகத் திரும்பினால் நேரே நிற்பது பழைய ஜோடி! வலப்பக்கம் திரும்புவது பலருக்குக் கைவந்த பழக்கம், உங்கள் வட்டம் உடைந்தது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். ராபின்களும் சும்மா நிற்காமல் வலப்பக்கத்திலிருந்து வருபவரைப் பார்த்துக் கையை நீட்டட்டும்.

அழைப்பு தாமதமானால் இவ்வளவும் வீண். ஒரு சுற்று 64 பீட். 16-இல் எல்லோரும் உள்ளே போய் வருவது இரண்டு முறை, அடுத்த 16-இல் முதலில் ராபின்கள், பிறகு லார்க்குகள், பிறகு 16 ஸ்விங் (இருவரும் பிடித்துக்கொண்டு சுழல்வது), 16 ப்ராமனேட். அந்தந்த அசைவு தொடங்குவதற்கு நான்கு பீட் முன்பாகவே வாயைத் திறந்து, இசைச் சொற்றொடர் முடிவதற்குள் சொல்லி முடித்துவிடுங்கள். ப்ராமனேடில் இரு மடங்கு கவனம் வேண்டும். புது ஜோடிகள் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, அரட்டையில் மூழ்கி, நடுவைப் பார்த்து மீண்டும் வட்டமாக விரிய மறப்பது அங்கேதான். "பார்ட்னர்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ஜோடி மாறிய பின் யார் பார்ட்னர் என்று பட்டிமன்றம் வைக்கலாம். "நியூ பார்ட்னர்" என்றே சொல்லுங்கள்.

'லக்கி செவன்' என்ற இன்னொரு மிக்சரை எடுக்கும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். அதில் வலக்கை, இடக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து, பின்னல் கோலாட்டத்தில் போல உள்ளும் புறமுமாக நெய்துகொண்டே போய் ஏழாவது ஆளோடு ஸ்விங் ஆட வேண்டும். கைக்கு 2 பீட் என்றால் 14 பீட்டில் ஏழு கைகள் முடியும். புதியவர்கள் கைக்கு 4 பீட் எடுப்பார்கள், கணக்கு அங்கேயே உதைக்கும். அதோடு, பழைய ஜோடியை ஒன்று என்று எண்ணுவதா, பூஜ்யம் என்பதா என்பதில் பாதி அரங்கம் பிரிந்துவிடும். ஜோடிதான் ஒன்று என்று சொல்லிவிட்டு, இசையில்லாமல் எல்லோரையும் சத்தமாக எண்ணவையுங்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுத்தாலும் ஒன்றிரண்டு பேர் தவறத்தான் செய்வார்கள். நம்மூர் வழக்கில் சொன்னால் ஓரமாக நின்று மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள்: "ஜோடி கிடைக்காதவர்கள் கையை உயர்த்திக்கொண்டு வட்டத்தின் நடுவுக்கு வாருங்கள்." அங்கே இருவராவது சந்தித்துவிடுவார்கள், பிறகு சேர்ந்தே வட்டத்தில் புகுந்துகொள்ளலாம்.

ஒரு மாலைக்கு ஒரு மிக்சர் போதும் என்பது என் கருத்து. புதியவர்கள் கூட்டமாக ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும் தொடக்க நேரத்தில், இரண்டாவது நடனமாக வைத்தால் பலன் தரும். ஜோடி மாற விரும்பாத சிலர் இருப்பார்கள். வட்டம் கட்டச் சொல்லும்போதே மிக்சர் என்று சொல்லிவிட்டால் அவர்கள் கௌரவமாக உட்கார்ந்துகொள்வார்கள், பாதியில் ஓடமாட்டார்கள்.

நீளத்தையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 115 பீட் வேகத்தில் ஒரு சுற்று சுமார் 33 நொடி, பத்துச் சுற்றுக்கு ஐந்தரை நிமிடம். எட்டாவது சுற்றில் இசைக் குழுவுக்கு "இன்னும் இரண்டு" என்று விரல் காட்டிவிடுங்கள். கடைசி ப்ராமனேடில் சேர்ந்த ஜோடிகளை அப்படியே அடுத்த கான்ட்ரா வரிசைக்கு அழைக்கலாம், ஆனால் பலர் அடுத்த ஆட்டத்துக்கு ஏற்கெனவே ஆள் பேசிவைத்திருப்பார்கள். அதனால் "விரும்பினால்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.