பிரிட்டனில் பிளேவொர்க் (குழந்தைகளின் விளையாட்டுக்குத் துணைநிற்கும் வேலை) டிப்ளமோ என்பது குழந்தைகளுக்கு விளையாட்டு சொல்லித்தரும் படிப்பா?

இல்லை, கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. என்ன விளையாடுவது, எப்படி, எதற்கு என்பதையெல்லாம் குழந்தைதான் தீர்மானிக்க வேண்டும். 2005இல் அங்கே வகுக்கப்பட்ட பிளேவொர்க் கோட்பாடுகளின் அடிப்படையே இதுதான். அதனால் பயிற்சியில் கடினமான பாடம், குறுக்கே போகாமல் கவனிப்பது. ஒரு சிறுமி மரமேறுகிறாள் என்றால் உடனே இறக்கிவிடக் கூடாது. கிளை தாங்குமா, இதில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று ஆபத்தையும் பயனையும் சேர்த்தே எடைபோட வேண்டும். (பெரியவர்களுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு சுலபமில்லை!)

லெவல் 2, லெவல் 3 என நிலைகள் உண்டு. பெரும்பாலும் வேலை செய்யும் இடத்துக்கே மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். அப்புறம், அன்று நீங்கள் தலையிட்டது சரிதானா என்று நீங்களே அலசி எழுதித் தர வேண்டும்.