பிக்கரல் ட்ரோலிங்: கையைக் கடிக்காத விலையில் கிராங்க்பெய்ட் – கேள்வி பதில்

ஒன்ராறியோவில் பிக்கரல் என்போம், எல்லைக்கு அந்தப் பக்கம் வால்ஐ என்பார்கள். மீன் ஒன்றுதான். குவின்டி விரிகுடாவிலும் ஈரி ஏரியிலும் பதினைந்து வருடமாக அதன் பின்னால் வள்ளம் ஓட்டுகிறேன். ஓடுகிற வள்ளத்துக்குப் பின்னால் லூரை, அதாவது முள் வைத்த போலி இரையை, இழுத்துக்கொண்டு போவதுதான் ட்ரோலிங். மூக்கில் தகடு வைத்த, மீன் வடிவ லூர்தான் கிராங்க்பெய்ட். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி லூர் பற்றியவை, அதிலும் பாதி நிறம் பற்றியவை. நிறத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, கடைக்குள் போனால் ஒரு சுவர் முழுக்க லூர் தொங்குகிறது. என்னிடம் 100 டொலர்தான் இருக்கிறது. எதை எடுப்பது?

நூறையும் அங்கேயே கரைத்துவிடாதீர்கள் தம்பி. ஆறு லூர் போதும்: மூன்று வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு.

முதலில் பெர்க்லி ஃபிளிக்கர் ஷாட், 5 அல்லது 7 ஆம் அளவு. விலை குறைவு, பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே ஒழுங்காக நீந்தும், உள்ளே குண்டு கிலுகிலுக்கும். கலங்கிய தண்ணீரில் அந்தச் சத்தம் உதவும். 7 ஆம் அளவின் அட்டையில் 11 முதல் 13 அடி என்று போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பவேண்டாம். வள்ளத்துக்குப் பின்னால் நூறு அடிக்கு மேல் நூல் விட்டு இழுத்தால் அதைத் தாண்டிக் கீழே போகும்.

இரண்டாவது, பேண்டிட் வால்ஐ டீப். இது ஈரி ஏரிக்காரரின் சோறு. மெலிந்த நீள உடம்பு, மூக்கில் நாக்கு மாதிரிப் பெரிய தகடு, போதிய நூல் விட்டால் 25 அடி ஆழத்துக்கு இறங்கும். ரீஃப் ரன்னரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கிற சாமான். அதைச் சரிக்கட்டத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

மூன்றாவது, ஆழம் போகாத நீள லூர் ஒன்று: ரபாலா ஹஸ்கி ஜெர்க் மாதிரி. விலை கொஞ்சம் கூட, ஆனால் வசந்தகாலக் குளிர் தண்ணீரிலும் இரவில் கரையோரத்திலும் இதுதான் வேலை செய்யும். தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குங்கள்.

ஏன் இரண்டிரண்டு என்று கேட்பீர்கள். காலை ஆறரைக்கு ஒரு லூரில் அடுத்தடுத்து மூன்று மீன் ஏறும், மற்றத் தூண்டில் கம்பு சும்மா கிடக்கும். அந்த நேரம் பெட்டியைத் திறந்தால் அதே வகை லூர் இன்னொன்று இருக்கவேண்டும். வேறு வேறு இருபது லூர் வைத்திருக்கிறவர் அப்போது பெட்டியைக் கிளறிக்கொண்டிருப்பார்.

கேள்வி: பார்த்தவுடனே இது எவ்வளவு ஆழம் போகும் என்று சொல்ல முடியுமா?

மூக்குக்கு முன்னால் நாக்கு நீட்டினமாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கிறதே, அதைப் பாருங்கள். நீளமாகவும் உடம்புக்கு நேராகவும் நீண்டிருந்தால் ஆழம் போகும். குட்டையாகக் கீழ்நோக்கி மடங்கியிருந்தால் மேலேயே நீந்தும். தகடு தண்ணீரைத் தள்ள, தண்ணீர் லூரைக் கீழே அழுத்துகிறது, அவ்வளவுதான் விஷயம். நூலின் பருமனும் சேரும்: தடித்த தங்கூசி (நைலோன் நூல்) தண்ணீரில் இழுபட்டு லூரை மேலே தூக்கும், மெல்லிய பின்னல் நூல் இறங்க விடும். எதைப் போட்டாலும் ஓர் அளவுக்கு மேல் நூல் விட்டால் அதன் இழுவையே லூரைப் பிடித்து வைத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விட்டாலும் ஆழம் கூடாது.

கேள்வி: இணையத்தில் 20 லூர் கொண்ட பெட்டி 25 டொலருக்குக் கிடைக்கிறது. பெயர் தெரியாத கம்பனி. வாங்கலாமா அங்கிள்?

நானும் ஒருமுறை வாங்கினேன். வீட்டில் மேசைமேல் அடுக்கி வைத்துப் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஏரியில் போட்டால் ஏழோ எட்டோ ஒழுங்காக நீந்தின. சில பக்கவாட்டில் படுத்தன, இரண்டு சுழன்று சுழன்று நூலைக் கயிறாக முறுக்கிவிட்டன. நீந்தியவற்றில் ஒன்றை நல்ல பெரிய மீன் ஒன்று கவ்வியது. வலைக்குப் பக்கத்தில் வரும்போது தூண்டில் முள் நேராக நிமிர்ந்துவிட்டது. லூர் மட்டும் வந்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டால் எறியவேண்டாம். நீந்துகிறவற்றைப் பிரித்தெடுத்து, முள்ளையும் வளையத்தையும் நல்லதாக மாற்றுங்கள். ஆனால் முள்ளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் ஃபிளிக்கர் ஷாட் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அதைவிட, கராஜ் விற்பனையில் யாரோ ஒரு தாத்தாவின் பழைய லூர்ப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். சாயம் உரிந்திருந்தாலும் நீச்சல் போகாது. உரிந்த இடத்தில் என் மனைவியின் நகப்பூச்சைத்தான் பூசுகிறேன். கேட்டுவிட்டுத்தான்.

கேள்வி: நூல் எண்ணும் மீட்டர் வைத்த ரீல் கட்டாயமா? விலையைப் பார்த்தால் பயமாயிருக்கிறது.

100 டொலரையும் லூரில் கொட்டாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். எத்தனை அடி நூல் விட்டபோது மீன் ஏறியது என்று தெரியாவிட்டால், அதே ஆழத்துக்குத் திரும்பப் போக முடியாது. முதல் மீன் யாருக்கும் அதிர்ஷ்டத்தில் வரும். இரண்டாவதுக்கு அந்த எண் வேண்டும். பழையது ஒன்று வாங்கினாலும் போதும்.

அதுவரை ஒரு வழி. ரீலின் முன்னால் நூலைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓடும் வழிகாட்டி இருக்கிறதல்லவா? பூங்காவில் நூலை இழுத்து, அது ஒருமுறை குறுக்கே ஓட எத்தனை அடி போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். வள்ளத்தில் அந்த ஓட்டங்களை எண்ணினால் சரி. சுருள் குறையக் குறையக் கணக்குக் கொஞ்சம் பிசகும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் பிசகும்.

கேள்வி: என்ன வேகத்தில் இழுக்கவேண்டும்?

குளிர் தண்ணீரில் மணிக்கு 1 முதல் 1.5 மைல். கோடையில் 2 முதல் 2.5, சிலநாள் அதற்கும் மேலே. ஜிபிஎஸ் காட்டும் வேகத்தைப் பாருங்கள், கைப்பேசியே போதும். நேர்கோட்டில் மட்டும் ஓடாமல் பாம்புபோல் வளைந்து ஓடுங்கள். வளையும்போது உள்பக்க லூர் மெதுவாகும், வெளிப்பக்க லூர் வேகம் பிடிக்கும். எந்தப் பக்கக் கம்பு வளைகிறதோ அந்த வேகம்தான் அன்றைக்கு மீன் கேட்கிற வேகம்.

கேள்வி: என்னுடைய சின்ன வள்ளம் எஞ்சினை எவ்வளவு குறைத்தாலும் 3 மைலுக்குக் கீழே வராது.

கயிறு கட்டிய வாளி ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். சிரிக்கவேண்டாம், வேகம் குறையும். எஞ்சின் விசிறிக்குக் கிட்டப் போகாத அளவு குட்டைக் கயிறாக இருக்கட்டும்.

கேள்வி: ஒரே லூர் எப்போதும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை, பத்து விநாடி வேலை. இதைச் செய்யத் தெரியாமல் நல்ல லூரைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும் (முதல் வருடம் நானும் போட்டேன்).

வள்ளத்தை ட்ரோலிங் வேகத்தில் ஓட்டிக்கொண்டு, ஆறேழு அடி நூலில் லூரைப் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். நேராகத் தலைகுத்தி இறங்கி, வாலை ஆட்டினால் நல்லது. ஒருபக்கம் சரிந்தால் வெளியே எடுத்து, மூக்கு உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். நூல் கட்டுகிற கம்பி வளையம் தெரியும். லூர் எந்தப் பக்கம் ஓடியதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, கூர்மூக்குக் குறட்டால் அந்த வளையத்தை மயிரிழை அளவு வளையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைத்தால் கூடிப்போயிற்று என்று அர்த்தம். திரும்ப விட்டுப் பாருங்கள், சரியாகும்வரை இன்னும் கொஞ்சம். முறுக்கித் திருகவேண்டாம், வளையம் கழன்றுவிடும். பாறையில் இடித்த லூரையும் பெரிய மீன் கடித்த லூரையும் திரும்பப் போடமுன் இப்படி ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லூரைக் கட்ட, நூல் முறுகாமல் சுழலும் சுழலி போடவேண்டுமா? மீன் கடித்தாலும் அறாத வயர் போடவேண்டுமா?

இரண்டும் வேண்டாம். லூரை மாட்டிக் கழற்ற, திறந்து மூடுகிற சின்ன வட்டக் கொக்கி (ஸ்னாப்) ஒன்று மட்டும். மூக்கில் பாரம் கூடினால் லூரின் ஆட்டம் செத்துவிடும். குவின்டியில் பைக் என்கிற கூர்ப்பல் மீன் வந்து நூலைக் கடித்துக்கொண்டு போகும், உண்மைதான். அது அந்த இடத்துக்குக் கட்டுகிற வரி.

கேள்வி: சரி, இப்போதாவது நிறத்தைச் சொல்லுங்கள்!

சரி. தெளிந்த தண்ணீரில் வெள்ளி, நீலம், ஊதா மாதிரி, இரைமீனுக்குக் கிட்ட வருகிறவை. கலங்கலில் ஃபயர்டைகர் எனப்படும் பச்சை-மஞ்சள்-செம்மஞ்சள் கலவை. உங்கள் ஆறு லூரில் பாதி அது, பாதி இது. முடிந்தது.

ஆனால் தண்ணீர் ஏன் தெளிந்தது என்பதைச் சொல்லவேண்டும். 1988 இல் சென் கிளேயர் ஏரியில் சீப்ரா மட்டி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்களின் சமநிலைத் தண்ணீரோடு ஐரோப்பாப் பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு மட்டியும் தண்ணீரை வடிகட்டித்தான் உயிர் வாழ்கிறது, பேரேரிகளில் கோடிக்கணக்கில் பெருகியது. பிக்கரலின் கண்ணுக்குள்ளே கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. இரவில் டோர்ச் அடித்தால் பூனைக்கண் போல மின்னும். மங்கல் வெளிச்சத்தில் இரை பிடிக்கப் படைத்த கண் அது. தண்ணீர் தெளிந்து வெயில் உள்ளே இறங்கினால் பல மீன் ஆழத்துக்குப் போய்விடும், இல்லாவிட்டால் இருட்டும்வரை காத்திருக்கும். ஆகவே பட்டப்பகலில் நிறத்தை மாற்றி மாற்றிக் கட்டுவதைவிட, விடியமுன் தண்ணீரில் இருப்பது பலன் தரும். முகில் மூடிய, மெல்லிய அலை அடிக்கிற நாள் என்றால் இன்னும் நல்லது.

கேள்வி: அடியில் மாட்டி மாதத்துக்கு நாலு லூர் போகிறது. வீட்டில் ஏச்சு.

மாட்டியதும் இழுக்காதீர்கள். பெரும்பாலான கிராங்க்பெய்ட் மிதக்கிற சாதி. வள்ளத்தை நிறுத்தி நூலைத் தளரவிட்டால் பாதிவேளை தானே கழன்று மேலே வரும். வராவிட்டால் மாட்டிய இடத்துக்கு அப்பால் போய் எதிர்த்திசையிலிருந்து இழுங்கள்.

அதைவிட, அடித்தரையை ஏன் உரசுகிறீர்கள்? பிக்கரல் மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும் மீன். மீனையும் ஆழத்தையும் காட்டும் சோனாரில் 20 அடியில் மீன் தெரிந்தால் லூர் 16, 17 அடியில் போகட்டும். ஏறிவந்து கவ்வும். கீழே போகிற லூரை அது பெரும்பாலும் காணாது.

கேள்வி: பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா? அம்மா கேட்கச் சொன்னா.

அம்மாவிடம் பொரிக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. சதை மெதுமையானது, புளிக்குழம்பில் கரண்டி பட்டாலே உடையும். பெரிய மீனைத் திரும்ப விடுங்கள். அதில்தான் பாதரசமும் கூட. 1970 இல் பாதரசத்தால் ஈரி ஏரியில் பிக்கரல் பிடிப்பையே நிறுத்தவேண்டி வந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல், ஆனாலும் எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தரம் உண்ணலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. அதையும் அந்த வருடத்து மீன்பிடிச் சட்டச் சுருக்கத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். ஒருவர் எத்தனை நூல் விடலாம், எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

கேள்வி: இந்தச் சனிக்கிழமை முதல் தடவை போகிறோம். இரண்டு பேர், இரண்டு கம்பு. தண்ணீர் ஏறத்தாழ 20 அடி. எதிலிருந்து தொடங்குவது?

இரண்டிலும் ஃபிளிக்கர் ஷாட் 7. ஒன்றில் 70 அடி, மற்றதில் 100 அடி நூல். 1.8 மைல் வேகம். கம்பின் நுனியைப் பாருங்கள்: லூர் ஒழுங்காக நீந்தினால் நுனி விடாமல் துடிக்கும். துடிப்பு நின்றால் பாசி சிக்கியிருக்கிறது, சுற்றியெடுத்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கம்பு பின்னால் வளைந்தால் வெட்டி இழுக்கவேண்டாம், முள் ஏற்கெனவே ஏறியிருக்கும். வள்ளத்தை நிறுத்தாமல் நூல் தளராமல் சுற்றுங்கள். மற்றவர் வலையைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, மீனின் தலைப்பக்கமாக எடுக்கட்டும். வால்பக்கம் வலை பட்டால் ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் ஈர லூரைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். எனக்கு ஒரே இரவில் பன்னிரண்டு முள் துருப்பிடித்தது.